இப்போலித் திட்டிய மீன் ஜெல்லி: கலங்காமல், கசக்காமல் செய்வது எப்படி

எல்தார் ரியஸானோவ் இயக்கிய 'விதியின் நகைமுரண்' படம் சோவியத் தொலைக்காட்சியில் 1976 ஜனவரி 1 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. ரஷ்யாவில் இன்றும் அது இல்லாமல் புத்தாண்டு விடியாது. அதில் குடித்துவிட்டு வரும் இப்போலித், தன்னை மணக்கவிருந்த நாதியா செய்த ஸலிவ்னாயா ரீபாவை, அதாவது மீன் ஜெல்லியை, வாயில் போட்டதுமே 'கண்றாவி' என்று திட்டுவார். பாதி அவருடைய மனக்கசப்பு. ஆனால் இந்தப் பண்டம் கெட்டுப்போக நிஜமாகவே பல வழி உண்டு.

சுடாக் என்ற நன்னீர் மீனை முழுதாக 1 கிலோ வாங்குங்கள். ஜெல்லிக்கு ருசி தருவது சதையைவிடத் தலையும் முள்ளும்தான். செவுளை மட்டும் மிச்சமில்லாமல் பிடுங்கிவிட வேண்டும். கசப்பும் கலங்கலும் அதிலிருந்தே வரும். தலை, முள், வால், ஒரு வெங்காயம், ஒரு கேரட், பத்து மிளகு ஆகியவற்றை 1.5 லிட்டர் குளிர்ந்த நீரில் போட்டு, நுரையை எடுத்தபடி ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். நீர் லேசாகக் குமிழ்விட்டால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு கலந்து சாறு வெளுத்துவிடும். பிரிஞ்சி இலை கடைசி 10 நிமிடம் மட்டும்.

சாற்றை வடிகட்டி, இரண்டு விரல் அகலச் சதைத் துண்டுகளை அதில் 8–10 நிமிடம் வேகவைத்து எடுங்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், குளிர்ந்தால் சப்பென்று ஆகிவிடும். மறுபடி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

1 லிட்டர் சாற்றுக்கு 20 கிராம் ஜெலட்டின். அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சூடான சாற்றில் கரையுங்கள். கொதிக்கவிட்டால் உறையும் திறன் குறையும்.

அவசரக்காரர்கள் தடுமாறும் இடம் இனிதான். முதலில் தட்டில் அரை சென்டிமீட்டர் சாறு ஊற்றி ஃபிரிட்ஜில் உறையவிடுங்கள். அதன்மேல் மீன், கேரட் வில்லை, மெல்லிய எலுமிச்சைத் துண்டு அடுக்கி, இரண்டு கரண்டி சாறு விட்டு மீண்டும் உறையவிடுங்கள். பிறகே மீதிச் சாற்றை, ஆறியபின், ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் அலங்காரம் எல்லாம் மிதந்து ஓரத்தில் ஒதுங்கும்.

டிசம்பர் 30 இரவே செய்து வைப்பது நல்லது; உறைய 5 மணி நேரமாவது பிடிக்கும். ஃபிரீசர் வேண்டாம், உருகும்போது தண்ணீர் விட்டுப் பிரிந்துபோகும். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் பாகத்திலேயே மேசைக்குக் கொண்டுவந்தால், சூடேற்றிய அறையில் இரண்டாம் பாகத்துக்குள் தொளதொளத்துவிடும். சாப்பிடும்போது எடுத்து, துருவிய குதிரை முள்ளங்கியோடு (ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேர்) பரிமாறுங்கள்.