கடலூர், பாண்டில ஆடிக்கிட்டே டிவி டான்ஸ் மாஸ்டர், டைரக்டர், ப்ரொட்யூசர் ஆகறது எப்படி

நம்ம பக்கம் ஆடற பசங்ககிட்ட அடுத்து என்னன்னு கேட்டா முக்காவாசி பேர் ரியாலிட்டி ஷோ ஆடிஷன்னுதான் சொல்றாங்க. போங்க, தப்பே இல்ல. ஆனா ஜெயிச்சவங்க பேரு அடுத்த சீசன் வந்தா யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதே ஷோவுக்கு ஸ்டெப் போட்டுக் குடுத்தவங்களுக்கு அடுத்த சீசனும் வேலை இருக்கும். கலா மாஸ்டர் சினிமால மாஸ்டரா இருந்துட்டுதான் கலைஞர் டிவில மானாட மயிலாட பண்ணாங்க, பிருந்தா மாஸ்டர் 2022ல ஹே சினாமிகா டைரக்ட் பண்ணாங்க, பிரபுதேவா 2005ல தெலுங்குல டைரக்டராகி 2016ல தேவி படத்துக்கு ப்ரொட்யூசர்கள்ல ஒருத்தராவும் இருந்தாரு. ஆக ரூட்டு இருக்கு.

அடிப்படைக்கு ஒரு கிளாசிக்கல் இருந்தா நல்லது. பாண்டி பக்கத்துல அரியாங்குப்பத்துல டான்ஸ், இசை எல்லாம் சொல்லித்தர பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கு, விசாரிங்க. 1981லருந்து சிதம்பரத்துல மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்குது, கடலூர்லருந்து பஸ் ஏறினா போயிடலாம். அங்க ஆட்டத்தை மட்டும் பாக்காம, வீடியோ எடுக்கறவங்க எங்க நிக்கறாங்க, முத்திரை வர்ற நேரத்துல கேமரா முகத்துல இருக்கா கையில இருக்கான்னு பாருங்க. கால் வேலை நடக்கறப்ப இடுப்புக்கு மேல எடுத்துட்டு இருப்பாங்க, உங்களுக்கே எரிச்சலா வரும். அந்த எரிச்சல் வந்துச்சுன்னா டைரக்டருக்கான கண்ணு உங்களுக்கு இருக்குன்னு அர்த்தம்.

மேடைக்கு போடற ஸ்டெப்பு வேற, கேமரா ஃப்ரேமுக்கு போடறது வேற. மேடையில அகலமா பரவி நிப்போம், டிவில அப்படி நின்னா ஆளுங்களுக்கு நடுவுல வெறும் தரைதான் தெரியும், அதனால நெருக்கி, முன்ன பின்ன ஆழமா நிக்க வைக்கணும். அடுத்து கவுண்ட், டான்சருக்கு இருக்கற பெரிய பலமே இதுதான்னு நான் சொல்வேன். நிமிஷத்துக்கு 120 பீட் ஓடற பாட்டுல ஒரு எட்டு கவுண்ட் சரியா 4 செகண்ட், செகண்டுக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம்னு கணக்கு வச்சா 100 ஃப்ரேம், 4 நிமிஷப் பாட்டுன்னா மொத்தம் 60 எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் எதிர்ல ஷாட் வைடா (தூரத்துலருந்து), மிட்டா (இடுப்பு வரைக்கும்), க்ளோஸான்னு (கிட்டத்துல) ஒரு நோட்டுல எழுதிட்டு ஷூட்டிங் போங்க, எடிட்டர் உங்கள கும்பிடுவாரு.

ஸ்லோமோஷன்ல உதட்டசைவு மட்டும் எப்படி கரெக்டா இருக்குன்னு யோசிச்சிருப்பீங்க. பாட்டை டபுள் ஸ்பீடுல ஓடவிட்டு, ஆடறவங்களும் அதே வேகத்துல பாடி ஆடி, அதை 50 ஃப்ரேம்ல எடுத்து 25ல ஓட்டினா அவ்ளோதான். ஆடறவங்களுக்கு மூச்சு முட்டும், சொல்லிட்டு செய்யுங்க.

பயிற்சிக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச் போதும், மூணு போன், ஒரு ஸ்பீக்கர். காலையில கடல் பின்னாடி தெரியற மாதிரி நிக்க வச்சா சூரியனும் பின்னாடி, மூஞ்சி கருப்படிச்சிடும். நம்ம கடற்கரையில வெயில் சாய்றது ஊர் பக்கம், அதனால சாயங்காலம் நாலு நாலரைக்கு எடுத்தா கடலும் கிடைக்கும், முகத்துல வெளிச்சமும் விழும். மூணு போன்லயும் பாட்டு முழுசா ஒரே டேக் எடுத்து, ராத்திரி உக்காந்து நீங்களே வெட்டி ஒட்டுங்க, எடிட்டரை நம்பி விட்டுடாதீங்க. பல கேமரா வச்சு எடுக்கற மல்டிகேம் ஷோல டைரக்டர் பிசிஆர்ல, அதாவது எல்லா கேமராவும் தெரியற கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து அடுத்த ஷாட்டை கூப்பிடறது இதே வேலைதான், என்ன, அங்க லைவா பண்ணணும்.

அப்புறம் சென்னை. ஒரு மாஸ்டர்கிட்ட அசிஸ்டெண்டா சேருங்க, ஃப்ரீ டைம்ல கேரவன் பக்கம் நிக்காம மானிட்டர் பக்கம் நில்லுங்க. சினிமா க்ரூப் டான்சுக்கு யூனியன் கார்டு வேணும், செலவு விதி எல்லாம் நேரா யூனியன்லயே கேளுங்க, நடுவுல ஒருத்தர் நான் வாங்கித் தரேன்னு சொன்னா காசு குடுக்காதீங்க.

ப்ரொட்யூசர் ஆகறது கடைசி, அதுல டான்ஸ் பாதி கூட இல்ல, பேட்டா, சாப்பாடு, வண்டி, காஸ்ட்யூம் வாடகைன்னு பில்லுதான். சேனல்கிட்ட நேரத்தை காசு கட்டி வாங்கி விளம்பரத்தை நாமளே புடிக்கிறது ஒரு முறை, எபிசோடுக்கு இவ்ளோன்னு சேனல் குடுத்து எடுக்கச் சொல்றது இன்னொரு முறை. முதல் தடவைன்னா ரெண்டாவதுக்கே போங்க, லாபம் கம்மியா இருந்தாலும் வீட்டை அடகு வைக்கற நிலைமை வராது. சேனல் பணம் லேட்டாதான் வரும், டான்சருக்கு அன்னிக்கே குடுக்கணும், அந்த இடைவெளிக்கு கையில காசு வச்சுக்கங்க.

பாட்டு ரைட்ஸ்ல நிறைய பேர் மாட்டறாங்க. சினிமா பாட்டோட வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, ரெக்கார்டிங்குக்கு தனி உரிமை, ரெண்டும் வாங்கணும். காசு இல்லன்னா பாரதியார் இருக்காரு, 1908லருந்து பத்து வருஷம் பாண்டில இருந்தவரு, 1949லயே அவர் பாட்டை அரசுடமை ஆக்கிட்டாங்க. பாட்டு வரிகள் ஃப்ரீ, ஆனா ஏற்கனவே வந்த ரெக்கார்டிங்க எடுத்து போட்டுடாதீங்க. உள்ளூர்ல கீபோர்டு வாசிக்கறவரை புதுசா மெட்டு போடச் சொல்லி, அவர்கிட்டயும் பாடினவங்ககிட்டயும் டிவி, யூடியூப் ரெண்டுக்கும் சேத்து எழுதி கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் ரிகர்சல் ஆரம்பிங்க.