ராஸ்பெரி பையில் ஒரு பாட்டுப்பெட்டி

மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையைக் கொண்டு, வீட்டு ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக் கேட்கக்கூடிய நல்ல பாட்டுப்பெட்டியொன்றைச் செய்துகொள்ளலாம். அந்தப் பலகையிலேயே 3.5 மிமீ ஒலித்துளை இருக்கிறதே என்று அதை நம்பிவிட வேண்டாம். எண்வடிவ ஒலியை மின்னலையாக மாற்றும் தனி டாக் (DAC) சில்லு இல்லாமல், மின்துடிப்புகளின் அகலத்தை மாற்றும் துடிப்பகலப் பண்பேற்றம் வழியே ஒலி தருவதால், மெல்லிய இடங்களில் அதன் இரைச்சல் தெளிவாகவே கேட்கும். ஒலியின் தரம் கணினியைவிட டாக்கையே பெரிதும் சார்ந்தது என்பதால், பிசிஎம்5102ஏ சில்லு பொருத்திய சிறு டாக் பலகை ஒன்றை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவானதுதான், ஆனால் குறை சொல்ல முடியாதது.

இணைப்பு வேலையை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே தொடங்க வேண்டும். பையின் 40 பின்களில் (இணைப்பு ஊசிகளில்) ஒற்றைப்படை எண்கள் உள்வரிசையிலும் இரட்டைப்படை எண்கள் பலகையின் ஓரத்திலும் இருக்கும். எண்ணிக்கை மெமரி கார்டு இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. டாக்கின் விஐஎன் முனையை 2ஆம் பின்னுக்கும் (5 வோல்ட்), ஜிஎன்டியை 6க்கும், பிசிகேயை 12க்கும், எல்சிகேயை 35க்கும், டிஐஎன்னை 40க்கும் கொண்டுசெல்லுங்கள். சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே தாங்குபவை என்பதால், 5 வோல்ட் கம்பி அவற்றில் ஒன்றைத் தொட்டாலும் பை பழுதாகிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு கம்பியையும் இருமுறை எண்ணிப் பாருங்கள்.

கடிகாரத் துடிப்பை ஏற்கும் எஸ்சிகே முனைதான் பலரைத் திணறடிப்பது. பை அந்தக் கடிகாரத் துடிப்பைத் தருவதில்லை. அம்முனையைத் தரையோடு (ஜிஎன்டியோடு) இணைத்தால்தான் சில்லு தனக்கு வேண்டிய துடிப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். நான் முதன்முறை அதை அந்தரத்தில் விட்டுவிட்டு, பாட்டுக்குப் பதிலாகக் கரகரப்பை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பலகையின் முன்புறம் அம்முனைக்கு அருகிலேயே இருக்கும் இரு ஈயத்திட்டுகளை ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்ததும் கரகரப்பு நின்றுபோனது. பின்புறத்தில் நான்கு திட்டுகள் இருந்தால், மூன்றாவது மட்டும் எச் பக்கமும் மற்ற மூன்றும் எல் பக்கமும் இணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மூன்றாவது எல் பக்கம் போனால் டாக் வாய் திறக்காது.

மென்பொருளுக்கு இலவசமான மூட் ஆடியோவே போதுமானது. அதன் படிமக் கோப்பை மெமரி கார்டில் எழுதி, பையை இயக்கி, அதே வைஃபையில் உள்ள கைபேசியின் உலாவியில் பையின் முகவரியைத் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். அங்கே ஒலிச் சாதனமாக ஹைஃபைபெரி டாக் வகையைத் தேர்ந்தெடுத்து, மறுமுறை இயக்குங்கள். இந்தச் சில்லில் வன்பொருள் ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே மென்பொருளின் ஒலியளவை நிலையாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் குமிழால் கூட்டிக் குறைப்பதே நல்லது. ஆனால் முதல் பாட்டைப் போடும் முன் அந்தக் குமிழைக் கீழே இறக்கிவிடுங்கள். டாக் முழு அளவில், அதாவது 2.1 வோல்ட் வரை வெளியிடும்.

மின்வழங்கி 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரக்கூடியதாக இருக்கட்டும். பழைய கைபேசி சார்ஜர் திணறினால் பாட்டு நடுவே விக்கும். அணைக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல், மென்பொருளின் பணிநிறுத்தப் பொத்தானை அழுத்தி, பச்சை விளக்கு அடங்கும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் சிதைந்துபோகக்கூடும்.