மண் தட்டில் கண்ணாடி உருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் செய்த தட்டின் குழியில் பாட்டில் சில்லையோ கோலிக்குண்டையோ போட்டுச் சூளையில் ஏற்றினால், தெளிந்த குளம் மாதிரி கண்ணாடி தேங்கி நிற்கும். உள்ளே வலைபோல் ஓடும் வெடிப்புதான் பலரை மயக்குகிறது. அந்த வெடிப்பை வெறும் அலங்காரமாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. உண்மையில் கண்ணாடி அங்கே உடைந்துபோய்த்தான் இருக்கிறது.

காரணம் எளிது. சாதாரண பாட்டில் கண்ணாடி, சூட்டுக்கு விரிவதிலும் ஆறும்போது சுருங்குவதிலும் பெரும்பாலான களிமண்ணைவிடக் கூடுதல். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 9 பங்கு என்று கண்ணாடிக்குச் சொன்னால், பல ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல்போல் இறுகும்) மண்ணுக்கு அது 5 முதல் 7 வரைதான். சுமார் 500 டிகிரி செல்சியஸில் கண்ணாடி இறுகிவிடுகிறது. அதன்பின் அது சுருங்கப் பார்க்கும். ஒட்டியிருக்கும் மண் விடாது. இழுவிசை தாங்காமல் கண்ணாடி பிளக்கிறது. மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் என்றால், தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இதுவோ தடித்த கட்டி. அதனால் வெடிப்பு ஆழமாகப் போகும், சில சமயம் தட்டையே பலவீனப்படுத்தும்.

“மெதுவாக ஆறவிட்டால் சரியாகிவிடும்” என்ற நம்பிக்கை அடுத்தது. மெல்ல ஆற்றுவது கண்ணாடிக்குள்ளேயே உண்டாகும் இறுக்கத்தைத்தான் குறைக்கும். மண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள சுருக்க வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். சூளையிலிருந்து முழுசாக வந்த துண்டு, நாட்கள் கழித்து ‘டிங்’ என்று சத்தம் போட்டு வெடிப்பதும் இதனால்தான்.

அப்புறம், சாப்பாடு. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. வெடிப்பின் ஓரத்திலிருந்து ஊசிபோன்ற சில்லு பெயர்ந்து வரலாம். கண்ணுக்குத் தெரியாமல் உணவில் கலந்துவிடும். இடுக்கில் அழுக்கும் தங்கும். மேலே கிளேஸ் பூசினாலும் பயனில்லை, அதுவும் சேர்ந்தே வெடிக்கும். விற்கிறவர்கள் ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று தட்டின் அடியிலேயே எழுதிவிடுவது நல்லது. வாங்குகிறவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கண்ணாடி என்று தெரியாமல் போடுவதும் ஆபத்து. பழைய கிரிஸ்டல் கோப்பைகளில் ஈயம் இருக்கலாம். சில சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடிகளின் நிறமே காட்மியத்தால் வருவது. சூளையறையில் காற்றோட்டம் வேண்டும்.

கண்ணாடியை உடைக்கும்போது தடித்த துணியில் சுற்றி உடையுங்கள். கண்ணுக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தூசுக்கான முகமூடி மூன்றும் தேவை.

சரிவான பக்கங்களில் சில்லை ஒட்டவேண்டாம். ஸ்டோன்வேர் சூட்டில், அதாவது 1200 டிகிரிக்கு மேல், கண்ணாடி நன்றாகவே ஓடும். அதிலுள்ள சோடா (சோடியம் சேர்ந்த உப்புப் பொருள்) பக்கத்துக் கிளேஸையும் இளக்கிக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மட்டமான குழியில், கொஞ்சமாக, விளிம்புக்கு எட்டாமல் போடுங்கள். சூளைப் பலகைக்குக் காப்புப்பூச்சு பூசி, தட்டுக்கு அடியில் வேண்டாத மண் வில்லை ஒன்றையும் வையுங்கள். வழிந்தால் வில்லை மட்டும் போகும், பலகை பிழைக்கும்.