அப்பாவின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்

அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வேலை செய்கிறீர்களா? குழந்தையைப் பதியும்போது அப்பாவின் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகளை அவருக்கும் நேரடியாக நினைவுபடுத்துங்கள். மனைவி மூலம் சொல்லி அனுப்பினால் அது அவருடைய வேலையாக ஆகவே ஆகாது.

ஊசி போடும் நாளில் வண்டியில் கூட்டிவந்த அப்பா பெரும்பாலும் வாசலிலேயே நிற்பார். உள்ளே கூப்பிடுங்கள். குழந்தையை அவர் மடியில் வைத்தே ஊசி போடுங்கள். அப்புறம், காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை அவரிடமே சொல்லி, ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "வீட்ல அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மத்திய அரசு ஊழியர் என்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எடுக்கலாம். அதையும் சொல்லி அனுப்புங்கள்.