ஓடும்போது பெல்ட் அறுந்தால்

பெல்ட் டிரைவ் மோட்டார் சைக்கிளில் செயினுக்குப் பதில் ஒரு பல் வைத்த பெல்ட்தான் இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும். செயினுக்குப் போல எண்ணெய் விடும் வேலை இல்லை. ஆனால் பெல்ட் அறுந்தால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. இன்ஜின் திடீரென்று அலறும், வண்டி இழுக்காது. உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கிளட்சைப் பிடியுங்கள். பிரேக் வழக்கம்போல வேலை செய்யும். இன்ஜின் தரும் தடை மட்டும் கிடைக்காது. ஆகவே இறக்கத்தில் முன்கூட்டியே பிரேக் பிடித்து, சிக்னல் போட்டு ஓரம் கட்டுங்கள்.

இன்ஜினை அணைத்து, சைலன்சர் ஆறிய பிறகே பெல்ட் பக்கம் கை வையுங்கள். அறுந்த துண்டு பின்சக்கரத்தின் புல்லியில் (பெல்ட் ஓடும் பல்சக்கரத்தில்) சுற்றியிருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தள்ளும்போது சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

புது பெல்ட்டை அங்கேயே மாட்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். அது முனையில்லாத வளையம். பல மாடல்களில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டியிருக்கும். நெடும்பயணம் போகிறவர்கள், இரு முனைகளையும் ஊசி (pin) கொண்டு இணைக்கும் அவசர பெல்ட்டை வைத்திருப்பது நல்லது. அதை மாட்டி, மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போய்ச் சேரலாம். உதிரி பெல்ட் எதுவானாலும் இறுக்கி மடித்துப் பைக்குள் திணிக்காதீர்கள். உள்ளிருக்கும் இழைகள் முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து.

சரளைக்கல் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே நசுங்கினாலும் இதே கதிதான். மண்சாலையில் போய் வந்ததும், இன்ஜின் அணைந்த நிலையில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, பற்களின் அடியில் விரிசல், ஓட்டை, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல் போயிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.