வேட்டை இறைச்சி சமைக்கும்போது

அனுமதியோடு வேட்டையாடிய மான் இறைச்சி கையில் கிடைத்ததா? அதை ஆட்டுக்கறி போல நினைத்துச் சமைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். காட்டில் ஓடித் திரிந்த விலங்கின் தசைக்குள் கொழுப்பு மிகக் குறைவு, அதனால்தான் சீக்கிரம் வறண்டு போகிறது.

முதலில் தசைமேல் ஒட்டியிருக்கும் பளபளப்பான வெள்ளைச் சவ்வை உரித்துவிடுங்கள். எவ்வளவு வெந்தாலும் அது மெத்தென்று ஆகாது. மான் கொழுப்பையும் நீக்குங்கள். அது மெழுகு போல வாயில் ஒட்டும், பலர் குறை சொல்லும் வீச்சமும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றித் தாராளமாகவே வெட்டி எறியுங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளியும் சிதறியிருக்கும்.

முதுகுக்கறியை நல்ல சூட்டில் சட்டென்று வாட்டி, நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் தொட்டதும் இறக்கி, மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். தோள், கால் கறிக்குச் சிறு தீயில் இரண்டரை மணி நேரமாவது வேண்டும். அவசரமே கூடாது.

அப்புறம், காட்டுப்பன்றி என்றால் நடுவில் சிவப்பே வேண்டாம், 71 டிகிரி வரை வேகட்டும். அதில் நாடாப்புழு மட்டுமல்ல, டிரைக்கினெல்லா என்ற உருளைப்புழுவும் இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலோ புகை போட்டாலோ அது செத்துவிடும் என்று நம்ப முடியாது.