கொலோஸ்டமி பேக்க எடுத்துடலாமா, அப்படியே விட்டுடலாமா?

கொலோஸ்டமி பேக்னா, பெருங்குடல வயித்துல ஒரு ஓட்டை வழியா வெளிய கொண்டு வந்து, மலம் விழறதுக்கு மாட்டற பை; அந்த ஓட்டைதான் ஸ்டோமா. பேக்க எடுத்து குடல மறுபடி இணைக்கறதுக்கு (ரிவர்சல்) டாக்டர்கிட்ட ஆபரேஷன் தேதி கேக்கறதுக்கு முன்னாடி, எனக்கு என்ன மாதிரி ஸ்டோமா போட்டிருக்கீங்க, உள்ள மலக்குடல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கேளுங்க. ஆசனவாயையே எடுத்துட்டாங்கன்னா பேக் நிரந்தரம்தான், பேச்சே இல்ல. லூப் ஸ்டோமான்னா (குடல முழுசா வெட்டாம ஒரு வளையமா வெளிய எடுத்தது) பெரும்பாலும் அந்த இடத்துலயே சின்னதா திறந்து முடிச்சிடுவாங்க. ஹார்ட்மன்னா (குடல்ல ஒரு பகுதிய வெட்டி எடுத்து, மேல் முனைய ஸ்டோமாவாக்கி, கீழ் முனைய உள்ளயே மூடி வைக்கற ஆபரேஷன்) வேற கதை, ஒட்டிக் கெடக்கிற குடல பிரிச்சு, கீழ மூடி வச்ச முனையத் தேடிப் புடிச்சு இணைக்கணும், அதனாலதான் 3லருந்து 6 மாசமாவது பொறுங்கன்னு சொல்றாங்க, கீமோ ஓடுச்சுன்னா அதுவும் முடியணும். ஹார்ட்மன் பண்ணினவங்கள்ல நிறைய பேரு மாத்தாமலே இருந்துடறாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

பேக்கு ஏன் வேணாம்னு உங்களையே கேட்டுப் பாருங்க. ஒழுகுது, சுத்தி தோல் எரியுதுங்கறதுதான் காரணம்னா, மொதல்ல ஜிஎச்ல (அரசாங்க ஆஸ்பத்திரி) ஸ்டோமா நர்ஸைப் போய்ப் பாருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் மொத 6, 8 வாரத்துல ஸ்டோமா சுருங்கும், ஆனா நம்மாளுங்க பழைய அளவுலயே ஓட்டை வெட்டிட்டு இருப்பாங்க. ஸ்டோமாவ விட 2, 3 மில்லிமீட்டர்தான் பெருசா இருக்கணும். இத சரி பண்ணினதுமே பாதிப் பேருக்கு ரிவர்சல் அவசரம் போயிடும்னு எனக்குத் தோணுது.

இப்ப முக்கியமான சமாச்சாரம். மலம் தங்கற இடமே மலக்குடல்தான், புத்துநோய்னு கீழ வரைக்கும் வெட்டி, ரேடியேஷனும் குடுத்திருந்தா, இணைச்சப்புறம் ஒரு நாளைக்குப் பல தடவ போக வேண்டி வரும், போயிட்டு வந்து உக்காந்தா மறுபடி வரும், வந்தா அடக்கவும் முடியாது, காத்தா மலமான்னே தெரியாம போகலாம். ஒண்ணு ரெண்டு வருஷத்துல கொறையும், சிலருக்கு முழுசா போகாது. ஃபெடரல் ஹைவே ஜாம்ல மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க? எல்ஆர்டி ரயிலுக்குள்ள டாய்லெட் கெடையாது. லாரி ஓட்டறவரு, போஸ்ட்ட விட்டு நகர முடியாத செக்யூரிட்டி, இவங்க இத நல்லா யோசிக்கணும். மலக்குடல் முழுசா இருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

அதனால ஆசனவாய் தசைக்கு பலம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. டாக்டர் வெரல விட்டு இறுக்குங்கம்பாரு, கூச்சப்படாம நல்லா இறுக்குங்க, கீழ மிச்ச குடலுக்கு ஸ்கோப்போ மருந்து விட்டு எக்ஸ்ரேவோ எடுப்பாங்க. இறுக்கி விடற பயிற்சிய ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க.

ரிஸ்க் கேக்கும்போது பொதுவா கேக்காதீங்க, "எனக்கு எவ்வளவு"ன்னு கேளுங்க. இணைச்ச இடம் லீக் ஆகலாம், அப்படி ஆச்சுன்னா மறுபடி பேக் வரலாம், ஸ்டோமா இருந்த எடத்துல ஹெர்னியா வரலாம். சிகரெட், கட்டுப்படாத சக்கரை, சத்துக் கொறைவு எல்லாம் இத கூட்டும், சிகரெட்ட விடாம தேதி வாங்காதீங்க.

பிரைவேட்ல செய்யறதா இருந்தா இன்ஷூரன்ஸ் ஜிஎல் (பணம் நாங்க கட்டறோம்னு கம்பெனி குடுக்கற லெட்டர்) வந்தப்புறம்தான் அட்மிட் ஆகுங்க. பாஸ்கிட்ட எம்சி (மெடிக்கல் லீவு) பத்தி முன்னாடியே பேசிடுங்க, 6 வாரமாவது கனமா தூக்கக்கூடாது, கேஸ் தோங் (சிலிண்டர்) கூட வேணாம்.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி தேதி குடுத்தா தள்ளிப் போடச் சொல்லுங்க, இது அவசர ஆபரேஷன் இல்ல, வீட்டுல ஓப்பன் ஹவுஸ் (விருந்தாளிங்க வந்து போற தீபாவளி விருந்து) நடக்கும்போது இருக்கறது ஒரே டாய்லெட்டா இருக்கும்.